புவாடும் போட்டிக் கம்பனியும்

டொமினியன் பார்சல் கம்பனியின் யட்டியாந்தோட்டைக் கிளையானது, கடைத்தெருவின் நடுவில், மேசை ஒன்று, தராசு ஒன்று, புவாட் ஒருவர் என்ற மூன்று பிரிவுகளுடன் பல வருடங்களாகச் சிறப்புற இயங்கி வந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை. திரைச்சீலைக்குப் பின்னால் புவாடின் வீடு. வீட்டில் அவருடைய மனைவி ஹபீலா.

கொழும்பிலிருந்து வரும் பொதிகளை இறக்கி, சுற்றியுள்ள றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது புவாடின் தொழில். தோட்டத் தொழிலாளர் ஒற்றை அறைக் காம்பராக்களில் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. தெருப்பெயர் கிடையாது. தெருவே கிடையாது. 'மேல் லயம், கொய்யா மரத்துப் பக்கத்துக் காம்பரா' என்று பொதியில் எழுதியிருந்தால் புவாடுக்குப் போதும். ஸம்சுதீன் ஓட்டும் முச்சக்கர த்ரீவீல் போகுமட்டும் அதில் போவார். மிச்சத்தை நடப்பார். பொதியைக் காம்பரா வாசலில் இறக்கி, கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார். இதையெல்லாம் ஒரு திறமை என்று கம்பனி நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை.

இப்படியிருக்கையில் நாட்டில் முன்னேற்றம் ஏற்பட்டது.

கொழும்பில் படித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து 'சடுதி டொட் கொம்' என்றொரு கடையைத் திறந்தார்கள். கடைக்குக் கதவு இல்லை, ராக்கை இல்லை, சாமான்கூட இல்லை. கொம்பியூட்டரில் படம் மட்டும் இருந்தது. குவைத்திலோ டுபாயிலோ வேலை செய்யும் பிள்ளை அங்கிருந்தபடியே படத்தை அமத்தினால், இங்கே ஊரிலிருக்கும் தாய்க்குச் சாமான் வந்து சேரும். படத்துக்கும் தாய்க்கும் நடுவில் இருந்த சில்லறை வேலையை டொமினியன் கம்பனி கூலிக்குச் செய்து கொடுத்தது.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு, 2008ஆம் ஆண்டில், இரண்டு கம்பனிகளுக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது. 'விற்கத் தெரிந்த நமக்குத் தூக்கத் தெரியாதா?' என்று சடுதி யோசித்தது. 'தூக்கத் தெரிந்த நமக்கு விற்கத் தெரியாதா?' என்று டொமினியன் யோசித்தது. ஆகவே விற்கத் தெரிந்தவர்கள் தூக்கவும், தூக்கத் தெரிந்தவர்கள் விற்கவும் தொடங்கினார்கள். பத்திரிகைகள் இதற்கு ஆரோக்கியமான போட்டி என்று பெயர் வைத்தன.

ஆரோக்கியம் முதலில் சுரேந்திரன் உருவத்தில் யட்டியாந்தோட்டைக்கு வந்தது. சுரேந்திரன் என்பவர் சடுதி கம்பனியின் சப்ரகமுவ மாகாண விநியோக வலையமைப்பு உருவாக்க அதிகாரி. கழுத்தில் டை, தோளில் லெப்டொப். மாகாண வலையமைப்பு அன்றைய திகதியில் அவர் ஒருவர்தான். தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோக ஆள் யார் என்று கடைத்தெருவில் விசாரித்தார். மீன் கடைக்காரர் புவாடைக் காட்டினார். சலூன்காரரும் புவாடைக் காட்டினார். கடைசியில் புவாடிடமே போய் விசாரித்தார்.

"எனக்கு ஏலா தம்பி," என்றார் புவாட். "நான் டொமினியன் ஆள். மத்தக் கம்பனிக்கும் வேல செஞ்சா ஏஜென்சிய பறிச்சிடுவாங்க."

சுரேந்திரனின் முகம் தொங்கிப்போனது. அப்போது திரைச்சீலை விலகியது.

"எனக்குத் தாங்களேன்," என்றாள் ஹபீலா.

"மேடம் யாரு?"

"இவர்ட பொஞ்சாதி."

"முன் அனுபவம்?"

"பார்சலெல்லாம் தோட்டம் தோட்டமாப் பிரிச்சு வெக்கிறது நான்தான். இவருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது."

புவாட் முதலில் பகிடி என்றுதான் நினைத்தார். பிறகு, எந்தக் கம்பனி வென்றாலும் ஒரே அடுப்பில்தானே உலை கொதிக்கப்போகிறது என்று எண்ணித் தலையாட்டினார். ஹபீலாவுக்குப் பச்சை டீ-சேர்ட் ஒன்றும், பச்சைத் தொப்பி ஒன்றும், பச்சைப் பெயர்ப்பலகை ஒன்றும் வந்து சேர்ந்தன. அவள் பர்தாவுக்கு மேலே தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். "கிரிக்கட் விளையாடப் போற மாதிரி ஈக்கி," என்று சிரித்தாள். புவாடும் சிரித்தார். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு நெடுநாளைக்கு இல்லை.

அடுத்த கிழமை டொமினியன் கம்பனியின் பிராந்திய மெனேஜர் பத்மசிறி கேகாலையிலிருந்து வந்தார். சிவப்புப் பலகைக்குப் பக்கத்தில் பச்சைப் பலகை தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

"அது யார்?"

"போட்டிக் கம்பனி, சேர்."

"அந்த அம்மாவை எங்கோ பார்த்திருக்கிறேனே. போன தடவை எனக்கு வட்டிலப்பம் தந்தவர் அல்லவா?"

"ஆமாம் சேர். அப்போது அவர் என் மனைவியாக மட்டும் இருந்தார்."

பத்மசிறி பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மனைவி போட்டிக் கம்பனியாக இருக்கக்கூடாது என்று விதிமுறைகளில் எங்கும் இல்லை. ஆனால் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. அதை அவர் எழுந்து நின்று வாசித்தார்: 'போட்டி நிறுவனத்தின் முகவர்களுடன் உரையாடல், தகவல் பரிமாற்றம், தேநீர் அருந்தல் ஆகிய நடவடிக்கைகள் முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும்.'

"வீட்டுக்குள் எப்படி சேர்?"

"சுற்றறிக்கையில் வீடு என்ற சொல்லே இல்லை. ஆகவே வீட்டுக்கு விலக்கும் இல்லை."

சடுதி கம்பனியும் இதே கருத்தை, இன்னும் கொஞ்சம் நவீனமான மொழியில், ஹபீலாவுக்கு அறிவித்தது.

அறையின் நடுவே தரையில் ஒரு வெள்ளைக்கோடு போடப்பட்டது. தராசு சரியாகக் கோட்டின் மேல் வந்தது. அது காலையில் டொமினியனுக்கும் பின்னேரத்தில் சடுதிக்கும் விசுவாசமாக இருப்பதென்று முடிவானது. த்ரீவீல் ஒன்றுதான். ஊரில் வேறெதுவும் அந்த மலைப்பாதைகளில் ஏறாது. ஆகவே ஸம்சுதீன் இடது பக்கத்துக்குச் சிவப்பும் வலது பக்கத்துக்குப் பச்சையும் பூசினார். பத்மசிறி இடப்பக்கம் நின்று பார்த்து, தம் கம்பனிக்குச் சொந்த வாகனம் வந்துவிட்டதென்று பெருமைப்பட்டார். சுரேந்திரன் வலப்பக்கம் நின்று படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

ஆரம்பத்தில் இதெல்லாம் அதிகாரிகளுக்குக் காட்டுகிற நாடகமாகத்தான் இருந்தது. அவர்கள் தங்கள் வான் வண்டியில் ஏறிப் போனதும் ஹபீலா கோட்டைத் தாண்டி வந்து டீ வைப்பாள். ஆனால் சடுதி கம்பனி மாதாமாதம் ஒரு பத்திரிகை அடித்தது. மாகாணத்தின் மிகச் சிறந்த முகவர் என்று அதில் ஹபீலாவின் படம் வந்தது. கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. சலூன்காரர் அதைக் கிழித்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். புவாட் தலைமயிர் வெட்டப்போனால், கத்தரிக்கோலுக்கு நேரே மனைவி பச்சைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

புவாட் கெட்ட மனுஷன் இல்லை. மனைவிக்குப் புகழ் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் நெஞ்சுக்குழியில் சிக்கிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் ஹபீலா டீயைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் கோட்டைப் பார்த்தார்.

"சுற்றறிக்கை ஈக்கி," என்றார்.

ஹபீலா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அன்றிலிருந்து எல்லாம் ஸம்சுதீன் மூலமாகத்தான்.

"ஸம்சுதீன், அவர்ட்ட செல்லுங்க, சோறு ஆறுது."

"ஸம்சுதீன், போட்டிக் கம்பனிக்குச் செல்லுங்க, ஆணத்துல உப்பில்ல."

ஸம்சுதீன் இரண்டு பக்கச் செய்தியையும் உள்ளபடியே சொல்லுவார். இதற்காக அவர் பகல் சாப்பாட்டுக்கு அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் அவர் கொஞ்சம் உடம்பு வைத்தார்.

புவாடுக்குத்தான் கஷ்டம். முன்பெல்லாம் பகலில் சனம் குறைந்த நேரத்தில் ஹபீலா வாசற்படியில் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன சண்டை, எந்தக் கடையில் என்ன மலிவு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் கேட்காத மாதிரிக் கேட்பார். இப்போது திரைச்சீலைக்குப் பின்னால் அவள் தனியாக எதையோ வாசித்துச் சிரிப்பது கேட்கும். என்ன பகிடி என்று கேட்க நாக்கு வரும். கம்பனி இரகசியமாக இருந்தால்? வாயை மூடிக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் கல்மலைத் தோட்டத்து இருளாயி வந்தாள்.

இருளாயியின் புருசன் காத்தமுத்து மழை ஈரத்தில் றப்பர் பால் வெட்டப் போய், சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் செய்வதைச் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே போக வேண்டுமென்றால் இருளாயியும் பக்கத்துக் காம்பராக்காரரும் தூக்க வேண்டும். இருளாயி வேலைக்குப் போய்விட்டால் அவர் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் துஷ்யந்தி, சடுதி டொட் கொம்மில் அப்பாவுக்கு ஒரு சக்கரக் கதிரைப் படத்தை அமத்தியிருந்தாள். படம் அமத்தி மாதம் கழிந்தும் கதிரை வரவில்லை. சடுதியின் கொம்பியூட்டர் வீட்டு இலக்கமும் தெருப்பெயரும் கேட்டுக்கொண்டு கொழும்பிலேயே நின்றுவிட்டது. 'கீழ் லயம்' என்ற சொல் அதற்குப் புரியவில்லை. ஹபீலாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பாள். கொம்பியூட்டர் இருக்கும்போது ஹபீலாவிடம் யார் கேட்பார்கள்?

இருளாயி வந்து வெள்ளைக்கோட்டின் மேலேயே நின்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறைப்படி புவாடை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, மக கதிர அனுப்புச்சாம். வந்திருச்சுங்களா?"

ஹபீலா பின்னால் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். இது அவளுடைய கம்பனி விஷயம், கூப்பிட்டு விட்டால் போதும் என்று புவாடுக்குத் தெரியும். ஆனால் சலூன் கண்ணாடி அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"அது அந்தக் கம்பனி அக்கா," என்றார். "அதுல போட்டா இப்படித்தான். எங்கட கம்பனியிலயும் இப்ப கதிர ஈக்கி. மகள்ட்ட செல்லி இதுல போடச் செல்லுங்க. நானே கொண்டாந்து தாறன்."

"நீங்க சொன்னாச் சரிங்க, நானா."

துஷ்யந்தி டொமினியனிலும் ஒரு படத்தை அமத்தினாள். முதல் கதிரையை வேண்டாமென்று சொல்லலாம் என்று நினைத்தாள். சடுதியின் கொம்பியூட்டரில் வாங்குவதற்குப் படம் இருந்தது, வேண்டாம் என்பதற்குப் படம் இல்லை.

விஷயம் தெரிந்த அன்று ஹபீலா சுற்றறிக்கையை மீறி நேராகவே கேட்டாள்.

"என்ட கஸ்டமர நீங்க எடுத்துட்டீங்களா?"

"போட்டிக் கம்பனியோட எனக்குப் பேச ஏலா," என்றார் புவாட். சொன்ன அந்த நிமிஷம் அது நல்ல கெட்டிக்காரப் பதிலாகத்தான் இருந்தது. பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது சோறு உள்ளே போகவில்லை.

ஒரே ஆளுக்கு இரண்டு கம்பனியின் கதிரையும் போகப்போகிறது என்ற செய்தி கொழும்புக்கு எட்டியது. யார் முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று நாடே பார்க்கட்டும் என்று இரண்டு தலைமைக் காரியாலயங்களும் ஒரே நாளைக் குறித்தன. முகவரிச் சிக்கலும் தீர்ந்தது. கல்மலைத் தோட்டத்தில் முகவரி உள்ள ஒரே கட்டடம் தோட்டத்து ஒபிஸ். இரண்டு கொம்பியூட்டர்களும் அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டன.

குறித்த நாளில் பத்மசிறியும் சுரேந்திரனும் போட்டோக்காரர்களோடு தங்கள் தங்கள் வானில் முன்னே போனார்கள். பின்னால் த்ரீவீல். கூரையில் இரண்டு பெட்டிகள். உள்ளே சிவப்புப் பக்கம் புவாட், பச்சைப் பக்கம் ஹபீலா. நடுவில் ஒரு பலாப்பழம் வைக்கலாம் போல இடைவெளி.

பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடி. யுத்த காலம். சிப்பாய் சிங்களத்தில் கேட்டான்.

"மேலே என்ன?"

"ஒரு பெட்டி என்னுடையது," என்றார் புவாட். "மற்றதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை."

"பக்கத்தில் இருப்பது யார்?"

"போட்டிக் கம்பனி."

சிப்பாய் இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தான். ஒரே வீட்டு இலக்கம்.

"இவரைத் தெரியுமா?" என்று ஹபீலாவிடம் கேட்டான்.

"தொழில் ரீதியாகத் தெரியாது," என்றாள் ஹபீலா.

ஒரே வீட்டில் வசித்துக்கொண்டு ஒருவரையொருவர் தெரியாதென்று சொல்லும் இரண்டு பேர், கூரையில் அடையாளம் தெரியாத பெட்டிகளோடு போவதை அந்த நாளில் எந்தச் சிப்பாயும் லேசாக விடமாட்டான். இருவரையும் இறக்கினான். பெட்டிகளை இறக்கி வெட்டித் திறந்தான். ஸம்சுதீன் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"புருசன் பொஞ்சாதிதான் சேர். பேசக்கூடாதென்று கம்பனி சொல்லியிருக்கிறது."

சிப்பாய் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான். "என் மனைவியும் என்னோடு பேசுவதில்லை. அதற்கு ஒரு கம்பனியும் தேவைப்படவில்லை," என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னான்.

இதில் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. இரண்டு கதிரைகளும் கொழும்பில் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே நிறம், ஒரே சில்லு. கிழிந்த பெட்டிகளுக்குள் திருப்பி வைக்கையில் எது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சிப்பாய் எதையோ எதற்குள்ளோ திணித்தான்.

கல்மலைத் தோட்டத்து ஒபிஸ் முற்றத்தில் சனம் கூடியிருந்தது. கீழ் லயம் அங்கிருந்து இன்னும் கீழே. வழுக்குப் படி இறங்கி, ஓடை தாண்டிப் போக வேண்டும். மழை விட்டிருந்தது, அட்டைக்கடி விடவில்லை. சுரேந்திரன் தம் சப்பாத்தைப் பார்த்தார். பத்மசிறியும் தம் சப்பாத்தைப் பார்த்தார். போட்டி தொடங்கிய காலம் முதல் இரண்டு கம்பனிகளும் ஒரே கருத்துக்கு வந்தது அந்த நிமிஷம்தான்.

"வாசல் வரை விநியோகம் என்றால் எந்த வாசல்?" என்று இருவரும் தோட்டத்து ஒபிசை நடத்தும் பெரிய கிளாக்கரைக் கேட்டார்கள்.

பெரிய கிளாக்கர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "தோட்டத்துக்கு வார எதுவும் ஒபிசுக்குத்தான் வரணும். இந்தத் தோட்டத்துல வாசல்னா அது ஒபிஸ் வாசல்தாங்க. மத்ததெல்லாம் உள்வீடு."

இரண்டு அதிகாரிகளும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

புவாட் படிப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். எத்தனையோ தரம் இறங்கிய படி. பெட்டியைத் தோளில் வைத்தால் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் காத்தமுத்துவிடம் போய்விடலாம். ஆனால் அவர் படி இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் ஒபிஸ் வாசலைத் தொட்டுவிடுவாளே. ஹபீலாவும் படியைத்தான் பார்த்தாள் என்று அவருக்குத் தோன்றியது. கேட்க முடியவில்லை. சுரேந்திரன் விசில் ஊதினார்.

ஓடினார்கள். புவாட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார். ஹபீலா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். புவாடின் கால் ஒபிஸ் படியில் பட்ட அதே நேரம் ஹபீலாவின் பெட்டி ஒபிஸ் கதவில் பட்டது.

"கால் முதலில்!" என்றார் பத்மசிறி.

"டெலிவரி பண்றது பெட்டிய. கால இல்ல!" என்றார் சுரேந்திரன்.

போட்டோ எடுக்கக் காத்தமுத்து அங்கே இல்லை. அவரைத் தூக்கி வர நேரமாகும். வெளிச்சம் போய்விடும். ஆகவே ஒரு கதிரையில் பெரிய கிளாக்கரும் மற்றதில் பத்மசிறியும் உட்கார்ந்து, இயலாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு நின்றார்கள். நின்றார்கள் என்பது சம்பிரதாயமான சொல்.

இருளாயி அப்போதுதான் பால் வாளியோடு மேலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு கதிரைகளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஒண்ணு போதுங்களே சாமி. நான் தள்ளிக்கிட்டுப் போயிர்றேன்."

"பொறுங்கம்மா," என்றார் சுரேந்திரன். "எது யாருடைய கதிரை, யார் முதல்ல வந்தது, ரெண்டும் தெரியணும். விசாரணை முடியும் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

அவள் புவாடைப் பார்த்தாள். "நானா, நீங்க கொண்டாந்து தர்றேன்னு சொன்னீங்களே."

"கொண்டாந்துதானே ஈக்கன், அக்கா," என்றார் புவாட், ஒபிஸ் கதவைக் காட்டி.

அன்றிரவுக்குள் யட்டியாந்தோட்டை இரண்டாகிவிட்டது. மீன் கடை ஹபீலா பக்கம். சலூன்காரர், கண்ணாடியில் படம் ஒட்டியவர், ஏனோ புவாட் பக்கம். தேத்தண்ணிக் கடையில் காலா பெட்டியா என்று விடிய விடிய வாதம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் எல்லாரும் கலந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் நாட்டில் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

விசாரணை நடந்துகொண்டிருந்தது. கதிரைகள் ஒபிஸ் விறாந்தையில் இருந்தன. ஒன்றில் பெரிய கிளாக்கரின் பகல் சாப்பாட்டுப் பை இருந்தது. மற்றதில் பெரிய கிளாக்கர் இருந்தார்.

பிறகு ஒரு காலையில் பத்திரிகையில் செய்தி. டொமினியனும் சடுதியும் ஒரே கம்பனியாகிவிட்டன. இரண்டு முதலாளிகளும் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். போட்டி இனி அவசியமில்லை என்று ஒருவரும், அது ஒருபோதும் இருந்ததில்லை என்று மற்றவரும் கூறியிருந்தார்கள். அதே கிழமை புவாடுக்கும் ஹபீலாவுக்கும் ஒரே கடிதத்தில் வேலை போனது. காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: 'ஒரே நிறுவனத்தின் இரு முகவர்களாக இருந்தும், ஒருவரோடொருவர் பேசி ஒத்துழைக்கத் தவறியமை.'

புவாட் கடிதத்தைக் கோட்டுக்கு இப்பால் நின்று வாசித்தார். ஹபீலா அப்பால் நின்று கேட்டாள். சுற்றறிக்கை போய்விட்டது. இனிப் பேசலாம். எத்தனையோ மாதத்துப் பேச்சு பாக்கி.

"ஆனா," என்றாள் ஹபீலா, "மொதல்ல தொட்டது நான்தான்."

"அது எப்படி? என்ட கால் படியிலல்லவா ஈந்த?"

அதற்குப் பிறகு ஓயாமல் பேசினார்கள். இந்த ஒன்றைத்தான் பேசினார்கள். ஒரு நாள் ஹபீலா அழுதேவிட்டாள். புவாடுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் கால் கால்தான்.

கடைசியில் தேத்தண்ணிக் கடையில் ஒரு முடிவு எடுத்தார்கள். கம்பனிக்காரன் சொல்ல வேண்டாம், கிளாக்கர் சொல்ல வேண்டாம். சாமான் யாருக்கோ அவர் வாயால் சொல்லட்டும். காத்தமுத்து சொன்னால் இரண்டு கட்சிக்கும் தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடைத்தெரு கல்மலைக்குப் போனது. புவாட், ஹபீலா, ஸம்சுதீன், மீன் கடைக்காரர், சலூன்காரர், இன்னும் பலர். ஒபிஸ் விறாந்தையில் பெரிய கிளாக்கர் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். எல்லாரும் அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்கள்.

காம்பராவுக்குள் இடம் போதவில்லை. பாதிப் பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். காத்தமுத்து முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"காத்தமுத்தண்ண," என்றார் புவாட். "ஒரு ஞாயம் கேக்க வந்தம். மறைக்காம செல்லுங்க. உங்கட கதிரய மொதல்ல கொண்டாந்தது யாரு? நானா, இவளா?"

காத்தமுத்து எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பகிடி பண்ணுகிறார்களா என்று அவருக்கு விளங்கவில்லை.

"இங்கயா?" என்றார். "இங்க இன்னும் யாருமே வரலீங்களே."

கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. புவாட் ஹபீலாவைப் பார்த்தார். ஹபீலா தரையைப் பார்த்தாள். முதலில் வாய் திறந்தவர் சலூன்காரர்தான்.

"ரெண்டு பேருமே வரேல்ல," என்றார் மெதுவாக. பிறகு உரக்க, "அப்ப யாரும் தோக்கல்ல! சமம்!"

"சமம்! சமம்!" என்று வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள். மீன் கடைக்காரர் சலூன்காரரைக் கட்டிப்பிடித்தார். ஸம்சுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புவாடுக்கு நெஞ்சுக்குழியில் சிக்கியிருந்தது எதுவோ ஒரு வழியாகக் கீழே இறங்கியது. ஹபீலா அவரைப் பார்த்துச் சிரித்தாள். பழைய சிரிப்பு.

இருளாயி டீ வைக்கட்டுமா என்று கேட்டாள். இவ்வளவு பேருக்குக் கோப்பை ஏது, பரவாயில்லை அக்கா, இன்னொரு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எல்லாரும் சந்தோஷமாகப் புறப்பட்டார்கள். புவாடும் ஹபீலாவும் கடைசியாக வந்தார்கள். பின்னால் காம்பராவுக்குள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது.

"எதுக்கு புள்ள இம்புட்டுப் பேரு வந்தாங்க?"

"ராசியாவுறதுக்கு."

"ஆயிட்டாங்களா?"

"ஆயிட்டாங்க."

"நல்ல விசயந்தான்," என்றார் காத்தமுத்து. சுவரைப் பிடித்துத் திரும்பிப் படுக்கிற சத்தம் கேட்டது.

புவாட் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஹபீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்க," என்றார். "படி வழுக்குது."